நாபோத்தின் தோட்டமும் குவைத்தின் எல்லையும்

அரசர்கள் முதல் நூலின் இருபத்தோராம் அதிகாரத்தை நாம் அறிவோம். இஸ்ரியேல் நகரில் அரச மாளிகையை ஒட்டி நாபோத்து என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைக் காய்கறித் தோட்டமாக்கிக்கொள்ள ஆகாபு மன்னன் விரும்பினான். அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான்; வேண்டுமெனில் விலை தருவதாகவும் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்தைக் கைவிட நாபோத்து மறுத்தான். மன்னன் முகம் வாடி, உணவு கொள்ளாமல் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான். மற்றதை ஈசபேல் பார்த்துக்கொண்டாள். அரச முத்திரையிட்ட மடல்கள் சென்றன. பொய்ச்சான்று சொல்ல இருவர் வந்தனர். நாபோத்து கல்லெறியுண்டு மாண்டான். மன்னன் தோட்டத்தைக் கைக்கொள்ள இறங்கிச் சென்றபோது, வாயிலில் எலியா நின்றார்.

இப்பகுதியைப் பலமுறை மறையுரைக்கு எடுத்துக்கொண்ட நாம், அதில் சொல்லப்படாத ஒன்றை நெடுங்காலம் கவனிக்கவில்லை. நாபோத்து எத்தகைய மனிதன்? கூலியாளுக்குப் பொழுது சாயுமுன் கூலி கொடுத்தானா? உதிர்ந்த பழங்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைத்தானா? அத்தோட்டம் அவன் முன்னோருக்கு எவ்வழியில் வந்தது? திருநூல் இவற்றுக்கு விடை கூறவில்லை. எலியாவும் இவற்றை விசாரிக்கவில்லை. நாபோத்து நல்லவன் என்பதற்காக இறைவன் சினங்கொள்ளவில்லை. தோட்டம் நாபோத்தினுடையது என்பதற்காகவே சினங்கொண்டார்.

சிறியவனின் உரிமை அவனுடைய தகுதியைப் பொறுத்ததா? தகுதியற்றவனிடமிருந்து வலியவன் பறித்துக்கொண்டால் அது குற்றமாகாதா? இக்கேள்வியை நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியது ஒரு சிறு நாட்டின் வரலாறு. அந்நாடு குவைத்.

எல்லை பிறந்த கதை

பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையில் 17,818 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த நாடு அது. அதன் வடக்கிலும் மேற்கிலும் உள்ள ஈராக் ஏறத்தாழ இருபத்து நான்கு மடங்கு பெரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அரேபியாவின் உட்பகுதியிலிருந்து வந்து அக்கரையில் குடியேறிய குலத்தார், தங்களுள் சபா குடும்பத்தாரைத் தலைமைக்கு ஏற்றுக்கொண்டனர். எண்ணெய் காணப்படுமுன் முத்துக் குளித்தலும் பாய்மரக் கப்பல் வணிகமுமே அவர்களின் பிழைப்பு. பருவக்காற்றைப் பிடித்து அவர்களின் கப்பல்கள் நம் மேற்குக் கடற்கரைக்கு வந்து மரம் ஏற்றிச் சென்றன. 1961 வரை அங்கே வழங்கிய நாணயமும் ரூபாயே.

அண்டையிலிருந்த பாஸ்ராவில் உதுமானியப் பேரரசின் ஆளுநர் இருந்தார். குவைத்தின் ஷேக்குகள் அப்பேரரசின் மேலாண்மையைப் பெயரளவில் ஏற்றனர். ஊராட்சியைத் தாமே நடத்தினர். 1896-இல் ஷேக் முபாரக் தம் உடன்பிறந்தார் இருவரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினார். 1899 ஜனவரி 23 அன்று அவரே பிரித்தானியருடன் மறைவாக ஓர் உடன்படிக்கை செய்தார். அவர்களின் இசைவின்றி வேறெந்த வல்லரசுக்கும் நிலம் தருவதில்லை, அதன் முகவரை ஏற்பதுமில்லை என்பது அவர் கொடுத்த வாக்கு. 1913-இல் பிரித்தானியரும் உதுமானியரும் வரைந்த மற்றோர் உடன்படிக்கை குவைத்தைப் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற ஒரு வட்டாரம் என்றது. முதல் உலகப்போர் மூண்டதால் அது உறுதிப்படுத்தப்படவில்லை. போருக்குப் பின், 1922-இல் உகைர் என்னுமிடத்தில் பிரித்தானிய அதிகாரி சர் பெர்சி காக்ஸ் எல்லைகளை வரையறுத்தார். குவைத் தனது என்று கருதியிருந்த நிலத்தின் பெரும்பகுதி அன்று நஜ்துக்கு, அதாவது இன்றைய சவூதி அரேபியாவுக்குச் சென்றது. 1932-இல் ஈராக்கின் பிரதமர் நூரி அல் சயீது குவைத்துடனான எல்லையை ஏற்று மடல் எழுதினார்.

1961 ஜூன் 19 அன்று, பழைய உடன்படிக்கை நீக்கப்பட்டு, ஷேக் அப்துல்லா அல் சலீம் அல் சபாவின் ஆட்சியில் குவைத் முழுச் சுதந்திரம் பெற்றது. ஆறு நாள்களே கழிந்தன. ஜூன் 25 அன்று பாக்தாதில் ஈராக் பிரதமர் அப்துல் கரீம் காசிம், குவைத் ஈராக்கின் பிரிக்கவொண்ணாப் பகுதி என்று அறிவித்தார். அது பாஸ்ராவைச் சார்ந்த நிலம் என்பது அவர் வாதம். புதிய நாட்டின் ஆட்சியாளர், விடைகொடுத்து அனுப்பிய பிரித்தானியரையே மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. ஜூலை 1 அன்று அவர்களின் படைகள் வந்திறங்கின. ஜூலை 20 அன்று அரபு நாடுகளின் கூட்டமைப்பு குவைத்தை உறுப்பினராகச் சேர்த்தது. பின்னர் அரபு நாடுகளின் படைகளே பிரித்தானியர் இருந்த இடத்தில் காவல் நின்றன. ஐக்கிய நாடுகள் சபையில் சேர குவைத் விடுத்த விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் தன் தடுப்புரிமையால் தடுத்தது. 1963 பிப்ரவரியில் காசிம் கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே 14 அன்று குவைத் ஐக்கிய நாடுகள் சபையில் இடம் பெற்றது. அக்டோபர் 4 அன்று ஈராக்கும் அதன் சுதந்திரத்தை ஏற்றுக் கையொப்பமிட்டது. அக்கையொப்பம் இருபத்தேழு ஆண்டுகளுக்குள் காற்றில் போனது.

பெரியோன் கூறும் காரணங்கள்

வலியவன் எவனும் "எனக்கு வலிமை உண்டு, ஆதலால் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதில்லை. அவனும் காரணம் தேடுகிறான். மனச்சான்று அவனுள்ளும் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குவைத்துக்கு எதிராகக் கூறப்பட்ட காரணங்கள் நான்கு. அவற்றுள் எதுவும் முற்றிலும் வெறுமையானதன்று. ஆதலால் அவற்றை எள்ளி நகையாடாமல் எடைபோடுதல் நம் கடமை.

முதலாவது, பழமை: நீ முன்பு எம்மோடு இருந்தாய். உதுமானியர் காலத்தில் குவைத்துக்கும் பாஸ்ராவுக்கும் ஆட்சித் தொடர்பு இருந்தது உண்மையே. ஆனால் அன்று ஈராக் என்னும் அரசு இருக்கவில்லை. மோசுல், பாக்தாத், பாஸ்ரா என்னும் மூன்று உதுமானிய மாகாணங்களை இணைத்தே முதல் உலகப்போருக்குப் பின் அவ்வரசு அமைக்கப்பட்டது. உதுமானியரின் உரிமை ஈராக்குக்கு வழிவழியாக வந்தது எனின், அப்பேரரசுக்கு உட்பட்டிருந்த ஈராக்கைத் துருக்கி கேட்கலாமே! பழமை ஒன்றே உரிமை ஆகுமாயின் உலகில் எந்த வேலியும் நில்லாது.

இரண்டாவது, பிறப்பின் குறை: உன் எல்லை அந்நியன் கிழித்த கோடு. இதுவும் உண்மையே. ஆனால் ஈராக்கின் எல்லையைக் கிழித்ததும் அதே கைதான். தன் கோட்டைப் புனிதம் என்றும் அயலானின் கோட்டைப் பொய் என்றும் சொல்பவன், கோட்டைப் பற்றிப் பேசவில்லை. கோட்டுக்கு அப்பால் உள்ள பொருளைப் பற்றியே பேசுகிறான். மேலும், குற்றமற்ற முறையில் பிறந்த எல்லை எங்கே உள்ளது? கறைபடிந்த முறையில் வரையப்பட்ட கோட்டுக்குள்ளும் மக்கள் வீடு கட்டுகின்றனர், மணம் புரிகின்றனர், இறந்தோரை அடக்கம் செய்கின்றனர். இரண்டு மூன்று தலைமுறைகள் அவ்வாறு வாழ்ந்தபின் அந்தக் கோட்டின் பொருளே வேறு. அதைக் கிழித்தவனின் நோக்கம் அங்கே வாழ்பவர்களின் வாழ்வுக்கு அளவாகாது.

மூன்றாவது, இரத்தம்: நாம் ஒரே இனம், ஒரே மொழி, நமக்கிடையே பிரிவு எதற்கு? கேட்பதற்கு இனிய சொல் இது. ஆனால் காயினும் ஆபேலும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களே. உடன்பிறப்பு என்பது ஒன்றாய் வாழ அழைப்பு விடுக்கும். வற்புறுத்தும் அதிகாரம் தராது. விரும்பி இணைந்தால் அது குடும்பம். துப்பாக்கி முனையில் இணைத்தால், அதற்கு உறவின் பெயரைச் சூட்டுவதே ஒரு கொடுமை.

நான்காவது காரணம் கிறிஸ்தவராகிய நம்மை உண்மையிலேயே திணறச் செய்வது: நீங்கள் சிலர், செல்வம் மிகுந்தவர், நாங்கள் பலர், போரால் நொந்தவர். மண்ணுலகின் பொருள்கள் மனிதர் அனைவருக்கும் என்றே இறைவனால் படைக்கப்பட்டன என்பது நம் திருச்சபையின் உறுதியான போதனை. கொடிய தேவையில் உழல்பவன் பிறன் பொருளில் எடுத்து உயிர் காத்தல் திருட்டாகாது என்று புனித தாமஸ் அக்குவினாவும் கற்பிக்கிறார். குவைத்தின் புர்கான் வயலில் எண்ணெய் காணப்பட்டது 1938-இல். 1946-இல் ஏற்றுமதி தொடங்கியது. பாலைமணல் ஓரத்தில் முத்துக் குளித்தவர்களின் பேரர்கள் ஒரு தலைமுறைக்குள் உலகின் பெருஞ்செல்வர் ஆயினர். அவர்கள் உழைத்து ஈட்டியதா அது? நிலத்தடியில் கிடந்தது. ஈராக்குக்குக் கடற்கரை அறுபது கிலோமீட்டருக்கும் குறைவு. கடலுக்குச் செல்லும் அதன் வழியை ஒட்டி வர்பா, பூபியான் என்னும் குவைத்தின் தீவுகள் கிடக்கின்றன. 1980 முதல் 1988 வரை ஈரானோடு நிகழ்த்திய போரில் ஈராக் குவைத்திடம் கோடிக்கணக்கான டாலர் கடன் பெற்றிருந்தது. அரபு இனம் முழுவதற்குமாகத் தான் குருதி சிந்தியதாகவும், ஆகவே கடனைத் தள்ள வேண்டும் என்றும் அது கேட்டது. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரித்தது என்றும், எல்லையோர ருமேலா வயலில் தன் எண்ணெயை உறிஞ்சியது என்றும் குற்றம் சாட்டியது.

இவற்றுள் வழக்காடத் தக்கவை உண்டு. கடலுக்கு வழி வேண்டும் என்பது நியாயமான தேவை. செல்வம் பகிரப்பட வேண்டும் என்பதும் நியாயம். சுதந்திரம் பெற்ற 1961-ஆம் ஆண்டிலேயே பிற அரபு நாடுகளின் வளர்ச்சிக்குக் கடனுதவி தர ஒரு நிதியை நிறுவியதன் வாயிலாகக் குவைத்தும் அதை ஓரளவு ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்கு உள்ளவன் தன் வழக்குக்குத் தானே நடுவனாகவும், தானே தண்டலாளனாகவும் ஆகிவிட முடியாது. புனித தாமஸ் கூறும் ஏழை, உயிர் காக்க ஓர் அப்பத்தை எடுப்பவன். அயலானின் வீட்டையே எடுத்து, அவன் பெயரையும் அழிப்பவன் அல்லன். உலகின் மாபெரும் எண்ணெய் வளங்களுள் ஒன்றைத் தன் மண்ணிலேயே கொண்டு, அதன் வருவாயைப் படைக்கலங்களில் கொட்டிய அரசுக்கு ஏழையின் வழக்கு பொருந்தாது. ஆகாபும் அரண்மனைக்குப் பக்கத்தில் காய்கறி பயிரிட வேண்டும் என்றுதான் கேட்டான். தேவை உண்மையே. அது நாபோத்தின் உயிருக்கு விலையாகாது.

1990

1990 ஆகஸ்ட் 2 விடியுமுன் சதாம் உசேனின் படைகள் எல்லையைக் கடந்தன. ஒரு நாளுக்குள் தலைநகர் வீழ்ந்தது. ஈசபேலின் மடல்களை நினைவூட்டும் ஒரு நாடகமும் நடந்தது. குவைத்தின் இளம் புரட்சியாளர் அழைத்ததால் உதவ வந்தோம் என்று ஈராக் முதலில் கூறிற்று. ஆகஸ்ட் 4 அன்று "சுதந்திர குவைத்தின் இடைக்கால அரசு" ஒன்றை அறிவித்தது. நான்கே நாள்களில், ஆகஸ்ட் 8 அன்று, அந்த அரசையும் விழுங்கிவிட்டு, குவைத் ஈராக்கோடு இணைந்தது என்றது. அம்மாத இறுதியில் அதைத் தன் பத்தொன்பதாம் மாகாணம் என்று பெயரிட்டது. ஏழு மாத ஆக்கிரமிப்பில் ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. மக்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். அறுநூறு பேருக்கு மேல் காணாமற்போயினர்.

அந்நாள்களில் நாம் என்ன நினைத்தோம்? இங்கே நம்மை நாமே சோதித்துக்கொள்வது நல்லது. குவைத்தில் அப்போது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். நம் ஊர்களிலும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அங்கிருந்து வந்த பணத்தால். ஒவ்வொரு ஞாயிறும் மன்றாட்டுகளில் அவர்களை நினைத்துக் கண்ணீரோடு செபித்தோம். ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து அக்டோபர் வரை ஏர் இந்தியா விமானங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்துவந்தன. இறைவனுக்கு நன்றி கூறினோம். ஆனால் நம் செபத்தில் குவைத் மக்கள் இருந்தார்களா? யார் ஆண்டால் என்ன, நம் பிள்ளைகள் நலமாய் வந்தால் போதும் என்று நாம் சொல்லவில்லையா? பணக்கார ஷேக்குகளுக்கு இது வேண்டும் என்று நம்முள் சிலர் உள்ளூர மகிழவும் செய்தோம். நம் அரசும் ஆக்கிரமிப்பைக் கண்டிப்பதில் தயங்கியது. அவ்வாகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைத் தழுவிய படம் உலகெங்கும் விமர்சிக்கப்பட்டது. சிக்குண்ட மக்களைக் காக்க அது வேண்டியிருந்தது என்பார். அதை மறுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்வோம்: நாபோத்தின் ஊரில் பெரியோரும் உயர்குடியினரும் தங்கள் பிள்ளைகளை எண்ணியே வாய்மூடி இருந்திருப்பர். அநீதி அரங்கேறுவதற்குப் பொய்ச்சான்றினர் இருவர் போதாது; பேசாதிருக்கும் ஓர் ஊரும் வேண்டும்.

மீட்டவரின் அளவுகோல்

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை இணைப்பைச் செல்லாது என்று ஆகஸ்ட் 9 அன்று தீர்மானித்தது. நவம்பர் 29 அன்று படைவலியைப் பயன்படுத்த இசைவளித்தது. 1991 ஜனவரி 17 அன்று வான்போர் தொடங்கியது. பிப்ரவரி 26 அன்று குவைத் நகர் விடுவிக்கப்பட்டது. பின்வாங்கிய படையினர் அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்திருந்தனர். கடைசித் தீ நவம்பரில்தான் அணைந்தது.

உரிமை மீட்கப்பட்டது நீதியே. ஆனால் நீதியான காரணம் அதன்பொருட்டுச் செய்யப்படும் அனைத்தையும் தூய்மையாக்கிவிடாது. போருக்கு முறையான அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம் மூன்றும் வேண்டும் என்றார் புனித தாமஸ். வேறு வழிகள் தீர்ந்திருக்க வேண்டும், விளையும் தீங்கு தடுக்கும் தீங்கை விஞ்சலாகாது என்று பின்வந்த இறையியலார் விரித்தனர். அநீதியான ஆக்கிரமிப்பைக் கண்டித்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், போர் தொடங்குவதற்கு முன் ஜனவரி 15 அன்று அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கும் சதாம் உசேனுக்கும் தனித்தனியே மடல் எழுதிப் போரைத் தவிர்க்க வேண்டினார். பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா காப்பிடத்தின்மீது விழுந்த குண்டுகளால் நானூறுக்கும் மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர். 1990-இல் ஈராக்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை 2003 வரை நீடித்து, அரண்மனைகளை அசைக்காமல் ஏழைகளின் சமையலறைகளை வறுமையாக்கியது. ஆகாபின் குற்றத்துக்கு இஸ்ரியேலின் குழந்தைகள் பட்டினி கிடப்பது எவ்வகை நீதி? இக்காலப் போர்க்கருவிகளின் கொடுமையைக் கண்ட திருத்தந்தை பிரான்சிஸ், நீதியான போர் என்று முன்னோர் வகுத்த அளவுகோலை இன்று எடுத்தாள்வதே மிகக் கடினம் என்று 2020-இல் தம் சுற்றுமடலில் எழுதியதை நாம் எளிதில் கடந்து செல்ல முடியாது.

மற்றொரு கேள்வியும் எழுகிறது. குவைத்தில் எண்ணெய் இல்லாதிருந்தால் உலகம் வந்திருக்குமா? இதற்கு விடை தேட நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 1975 டிசம்பரில் கிழக்குத் திமோர் என்னும் சிறுநாட்டை, பெரிய அண்டை நாடாகிய இந்தோனேசியா கைப்பற்றி, மறு ஆண்டில் தன் இருபத்தேழாம் மாகாணம் என்றது. படைகள் விலக வேண்டும் என்று அதே பாதுகாப்பு அவை அன்றும் தீர்மானம் இயற்றியது. ஆனால் யாரும் வரவில்லை. அம்மக்கள், அவர்களுள் பெரும்பாலோர் நம் கத்தோலிக்க மக்கள், இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 1999 ஆகஸ்ட் 30 அன்று வாக்களித்தே தங்கள் உரிமையை உறுதிசெய்தனர். 2002 மே 20 அன்று முழுச் சுதந்திரம் பெற்றனர். குவைத்தின் உரிமையும் திமோரின் உரிமையும் ஒரே உரிமை. ஒன்றுக்கு விரைந்தோடிய உலகம் மற்றொன்றுக்கு ஓடவில்லை என்பதால் முதலாவதன் உரிமை பொய்யாகிவிடாது. உலகத்தின் நீதிதான் அரைகுறை என்றாகும். அரசுகள் அனைத்தும் இயல்பான மாண்பில் சமம் என்று திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963-இல் அமைதி குறித்த தம் சுற்றுமடலில் போதித்தபோது, எண்ணெய் உள்ளவை, இல்லாதவை என்று அவர் பிரிக்கவில்லை.

மீண்டவரின் கடன்

இப்போது நாபோத்தின் பக்கம் திரும்புவோம். தகுதியைக் கொண்டு உரிமை வருவதில்லை என்று மேலே கண்டோம். உடன்பிறந்தாரைக் கொன்று ஆட்சிக்கு வந்த ஒருவரின் வழியினர் ஆண்டாலும், மக்கள் மன்றத்தை 1976-லும் 1986-லும் அவர்கள் கலைத்திருந்தாலும், பெண்களுக்கு 2005-இல்தான் வாக்குரிமை தந்திருந்தாலும், அந்நாட்டை விழுங்க அயலானுக்கு உரிமை இல்லை. இது சிறியவனுக்கு ஆறுதலான போதனை. ஆனால் இதே போதனைதான் சிறியவனிடமும் கணக்குக் கேட்கிறது. தகுதியைப் பாராமல் உன் உரிமை காக்கப்பட்டது எனில், உன்னினும் சிறியவனின் உரிமையை நீ தகுதி பார்த்துத்தான் தருவாயோ?

விடுதலைக்குப் பின் குவைத் இக்கேள்விக்குச் சொன்ன விடை மகிழ்ச்சி தருவதன்று. ஆக்கிரமிப்புக்கு முன் அங்கே பாலஸ்தீனர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வாழ்ந்தனர். பள்ளிகளையும் அலுவலகங்களையும் கட்டியெழுப்பியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களின் தலைமை சதாம் உசேன் பக்கம் சாய்ந்ததற்காக, குற்றமற்ற குடும்பங்களும் வெளியேற நேர்ந்தது. சொந்த நாடு இழப்பதன் வலியை ஏழு மாதம் சுவைத்தவர்கள், நாடே இல்லாதவர்களுக்கு வாயிலைக் காட்டினர். தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்தும் குடியுரிமைத் தாள் இல்லாத "பிதூன்" என்போர் இன்றும் ஏறத்தாழ ஒரு இலட்சம். "பிதூன்" என்றால் "இல்லாமல்" என்றே பொருள். அவர்களுள் பலர் குவைத்தின் படையிலும் காவலிலும் பணிபுரிந்தவர்; விடுதலைக்குப் பின் பெரும்பாலோர் பணி இழந்தனர். வெளியூர்த் தொழிலாளரை வேலைதருபவரின் பொறுப்பில் கட்டிவைக்கும் கஃபாலா முறையில், ஒரு மனிதன் வேலை மாறுவதும் விட்டுச்செல்வதும் நெடுங்காலம் முதலாளியின் விருப்பத்தையே சார்ந்திருந்தன. 2024 ஜூன் 12 அன்று மங்காபு பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்து ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தனர், பெரும்பாலோர் இந்தியர், நம் தமிழரும் அவர்களுள் இருந்தனர். சவப்பெட்டிகள் கொச்சி விமான நிலையத்துக்கு வந்தன. நெருக்கடியான அறைகளில் தங்கவைக்கப்பட்ட அவர்களும் தத்தம் வீட்டின் நாபோத்துகளே.

நீதிக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். குவைத் 1968-இலேயே திருப்பீடத்தோடு தூதுறவு கொண்ட நாடு. அங்கே திருக்குடும்பப் பேராலயத்திலும், அகமதியில் அரேபியாவின் அன்னை ஆலயத்திலும் நம் மக்கள் திருப்பலி காண்கின்றனர். வீட்டுப்பணியாளரின் உரிமைக்கென 2015-இல் அது தனிச்சட்டமும் இயற்றியது. ஆக்கிரமிப்பின்போது உயிரைப் பொருட்படுத்தாமல் எதிர்த்து நின்று, 1991 ஜனவரியில் கொல்லப்பட்ட அஸ்ரார் அல் கபந்தி போன்ற பெண்கள் அந்நாட்டின் மகள்களே. 2024 மே மாதம் மன்றம் மீண்டும் கலைக்கப்பட்டு, அரசியலமைப்பின் சில பிரிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. அயலானிடமிருந்து சுதந்திரம் பெறுவதும், அச்சுதந்திரத்தை உள்ளே இருப்பவர் அனைவருக்கும் பங்கிடுவதும் இரு வேறு பணிகள். முன்னதற்குப் படைகள் உதவலாம். பின்னதற்கு மனமாற்றம் ஒன்றே வழி.

நம் வேலி

ஈராக் 1994 நவம்பரில் குவைத்தின் எல்லையை முறைப்படி ஏற்றது. ஆக்கிரமிப்பின் இழப்புகளுக்காக ஐக்கிய நாடுகள் விதித்த 5,240 கோடி டாலரை அது 2022-இல் கொடுத்துத் தீர்த்தது. போரைத் தொடங்காத, போரின்போது பிறந்தேயிராத ஈராக்கியர் பலர் அக்கடனைச் சுமந்தனர். வழக்கு அத்தோடு முடிந்ததாகவும் தெரியவில்லை. கோர் அப்துல்லா நீர்வழி குறித்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்த சட்டம் செல்லாது என்று 2023 செப்டம்பரில் ஈராக்கின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசித் தீர்க்க இரு தரப்புக்கும் இன்று வாய் உண்டு. கேட்க உலகுக்குச் செவி உண்டு. அதுவே ஒரு முன்னேற்றம். வழக்கு இருப்பது தீமையன்று. வழக்காடுவதை விட்டுவிட்டு மடல்களுக்கு முத்திரை இடத்தொடங்குவதே தீமை.

வளைகுடாவின் கதையை நாம் இவ்வளவு தூரம் பேசியது, தொலைவிலுள்ள அரசர்களுக்குத் தீர்ப்பு எழுதுவதற்கன்று. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்னும் பழமொழி நம் தாய்மொழியில் உள்ளது. அதை நம் முன்னோர் சலிப்போடு சொன்னார்களே தவிர, நீதி என்று சொல்லவில்லை. பங்கில் சமரசம் பேச உட்காரும்போதெல்லாம் நாம் கேட்கும் சொற்கள் காசிமும் சதாமும் சொன்னவையே. "அது முன்பு எங்கள் பாட்டன் நிலம், சாமி." "அளந்தவன் பணம் வாங்கிக்கொண்டு அளந்தான், சாமி." "ஒரே இரத்தம், சாமி. தம்பிக்கு எதற்குத் தனி வேலி?" "அவளோ பிள்ளையில்லாக் கைம்பெண். அவளுக்கு எதற்கு இத்தனை சென்ட்?" நான்கு காரணங்களும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றும் மெல்லிய குரலில் வருகிறது: "அவள் அப்படியொன்றும் நல்லவள் இல்லை, சாமி."

இந்த ஐந்தாவது காரணத்துக்குத்தான் நாம் பெரும்பாலும் இணங்கிவிடுகிறோம். நல்லவர்களுக்கு மட்டும் நீதி செய்வோம் என்பதே நம் நெஞ்சின் இரகசியத் தீர்மானம். கதிரவனை நல்லோர்மேலும் தீயோர்மேலும் உதிக்கச்செய்யும் தந்தையின் பிள்ளைகள் நாம் என்று ஆண்டவர் மலைமீது கற்பித்ததை இங்கே நினைவுகூர்வோம். அயலானின் தகுதியை ஆராய்வது நம் வேலையன்று. அவன் வேலிக்கு உட்பட்டது அவனுடையது என்பதை மதிப்பதே நம் வேலை. அவ்வாறே, நம் உரிமை காக்கப்பட்ட நாளில், நம் வீட்டுத் திண்ணையில், நம் சமையலறையில், நம் வயலில் நம்மினும் சிறியவர் யார் என்று தேடிப் பார்ப்பதும் நம் வேலை.

தோட்ட வாயிலில் எலியா நின்றபோது ஆகாபு அவரைத் தன் எதிரி என்றே அழைத்தான். பின்னர் அவரது சொல்லைக் கேட்டு ஆடையைக் கிழித்து, சாக்கு உடுத்தி, நோன்பிருந்து, பணிவோடு நடந்துகொண்டான். அப்பணிவை இறைவன் கண்ணோக்கினார் என்பதையும் அதே அதிகாரம் சொல்லி முடிகிறது. ஆயினும் மன்னன் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக அங்கே எழுதப்படவில்லை. அது அவன் செய்யத் தவறிய பாதி. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.